கர்நாக்கில் தீட்டு

சௌந்திரத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். காலை நடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரில் பிரமிடைப் பற்றி வந்திருந்த செய்தியை அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் சம்மதம் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். "போயிட்டு வந்து கேக்கேன்" என்றாள். போனாள். ரயில்வே மைதானத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் செய்தியின் மீதியை நான் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்க வந்தது டூரைப் பற்றி. தெரியும். அந்தக் கம்பெனியில் போகலாமா, சாப்பாடு எப்படி, கப்பல் எப்படி. எல்லாம் சொல்கிறேன் தம்பி. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். காபியைக் குடியுங்கள். சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இன்னும் அந்த அளவு பிடிபடவில்லை.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. வேலை தீப்பெட்டி ஆபீசில். ஆனால் கோவில்பட்டி நூலகத்தில் எகிப்து என்று பெயர் போட்ட எந்தப் புத்தகமும் என் கைக்குத் தப்பியதில்லை. சாயங்காலம் படிப்பேன். ராத்திரி சாப்பிடும்போது சௌந்திரத்துக்குச் சொல்வேன். முப்பது வம்சத்து ராஜாக்களையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ரசத்துக்கு ஒரு வம்சம், மோருக்கு ஒரு வம்சம். ஒருநாளும் அவள் குறுக்கே பேசியதில்லை. அந்த மாதிரிக் கேட்கிற ஆள் கிடைப்பது அபூர்வம்.

சௌந்திரம் இறந்ததற்குத் துட்டி கேட்க வந்தவர்களோடு ஒருவராக அந்த டூர்காரரும் வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னார். அம்மா தை மாதம் கிளம்புகிற எகிப்து டூருக்கு முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர வழியில்லை. வேண்டுமானால் வீட்டில் வேறு யாராவது அந்த இடத்தில் வரலாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அந்தத் தையில்தான் எனக்கு எழுபது வயது. எகிப்து, எகிப்து என்று நான் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. என்னிடம் மூச்சுக்கூட விடாமல் ஏற்பாடு செய்திருக்கிறாள். அவள் பெயரில் ஒரு இடம்தானே இருக்கிறது என்று என் மகன் கேட்டான். அவனுக்கு அம்மாவைத் தெரியாது. முதலில் தன் பெயரில் ஒன்று போட்டிருக்கிறாள், அப்புறம் என் பெயரில் ஒன்று போட இருந்திருக்கிறாள். அதற்குள் இப்படி ஆகிவிட்டது. இதில் என்ன சந்தேகம்? இருந்தாலும் யாராவது ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி. அந்த ஒருவர் யார் என்றால் ரத்னபாய் டீச்சர். சௌந்திரத்தோடு தினமும் நடக்கப் போனவர். அவள் விழுந்தபோது மடியில் தாங்கியவர். அவரும் அதே டூருக்குப் பணம் கட்டியிருந்தார்.

பெரியண்ணன்தான் தடுத்தார். பெண்டாட்டி இறந்து ஒரு வருஷம் கோயில் படி மிதிக்கக் கூடாது, அங்கே போய்ப் பார்க்கிறது எல்லாம் கோயில்தானே என்றார். நியாயமான கேள்வி. நான் இரண்டு நாள் யோசித்துப் பதில் சொன்னேன். விளக்குப் போட ஆளில்லாமல், பூஜை நின்றுபோய் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் அது கோயில் இல்லை, கட்டடம். கட்டடத்துக்கு ஏது தீட்டு? அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, போ. ஆனா எதையும் கும்பிட்டுராதே" என்றார்.

முப்பத்திரண்டு பேர் போனோம். கூடவே சமையல்காரர் மாடசாமி. நம் ஆட்கள் ஐயாயிரம் வருஷத்து நாகரிகத்தைப் பார்க்கப் போனாலும் காலையில் இட்லி வேண்டும். சௌந்திரம் ரத்னபாய் டீச்சரோடு ஒரே அறையில் தங்குவதாக ஏற்பாடு. அவள் இடத்தில் நான் போனதால் டீச்சரோடு தங்க முடியுமா? என்னை மாடசாமியோடு போட்டார்கள். கப்பல் அறையில் ஜன்னலைத் திறந்தால் நைல் நதி, கட்டிலுக்குக் கீழே குனிந்தால் இட்லி அரிசி மூட்டை. அப்பளக் கட்டு ஈரம் படக் கூடாது என்று என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு வாரம் நான் அப்பள வாசனையில்தான் தூங்கினேன். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

கைடு கெய்ரோக்காரர். கரீம் என்று பெயர். நம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிந்து திரிந்து "வாங்க வாங்க, போலாம் போலாம்" என்று தமிழ் பேசுவார். நல்ல பையன், ஆனால் விஷயம் போதாது. பஸ்ஸில் அவர் மைக்கில் ஒரு ராஜாவைப் பற்றிச் சொல்லும்போது அந்த ராஜாவின் அப்பாவை விட்டுவிட்டார். நான் எழுந்து போய் மைக்கை வாங்கி அப்பாவைச் சேர்த்தேன். அப்பா வந்தால் தாத்தா வராமல் இருப்பாரா? ஹோட்டல் வரும்வரை எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். பின்னால் சிலர் அசதியில் தூங்கியிருக்கலாம். மறுநாள் மைக் ரிப்பேர் என்றார்கள். அதற்கு அடுத்த நாளும் ரிப்பேர்.

சாப்பாட்டு மேஜையில் எனக்குத் தாராளமாக இடம் விடுவார்கள். ஆறு பேர் உட்காரும் மேஜையில் நான் ஒருவன். மரியாதை தெரிந்த கூட்டம்.

ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. எல்லாருக்கும் சௌந்திரத்தைத் தெரிந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் டீச்சர் வீட்டில் மூன்று நான்கு முறை கூடிப் பேசியிருக்கிறார்கள். என்னிடம் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என்னை ஆச்சரியப்படுத்த வேண்டும் அல்லவா, அதனால்தான். அது சரி. ஆனால் அவர்கள் சொல்கிற சௌந்திரம் வேறு யாரோ. அவள் பேசினால் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம். ஒட்டகத்தில் ஏறுகிற மாதிரி நாற்காலியில் ஏறி நடித்துக் காட்டினாளாம். செண்பகவல்லி அம்மாள் இதைச் சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ரிட்டையரானவர். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி மாதிரி. நான் பணிவாகச் சொன்னேன், அம்மா, நீங்கள் ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள், நாற்பத்தொரு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை என்று. அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இருக்கும் அண்ணாச்சி, இருக்கும்" என்றார்.

இனிமேல்தான் கர்நாக் வருகிறது. அதில்தான் எனக்கு மனவருத்தம்.

லுக்சரில் கப்பல் ஏறின மறுநாள் காலை கர்நாக் கோயில். எனக்கு அதன் பெரிய மண்டபத்துத் தூண்கள் அத்தனையும் மனப்பாடம். நூற்று முப்பத்து நான்கு. எந்தத் தூணை யார் கட்டினார், யார் பெயரை யார் அழித்தார், எல்லாம் தெரியும். முதல் நாள் இரவே சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று, காலையில் நான் ஒவ்வொரு தூணாக விளக்குகிறேன், கரீம் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தேன். எல்லாரும் கொஞ்சம் கூடிப் பேசிக்கொண்டார்கள்.

காலையில் வாசலில் ஆட்டுத்தலைச் சிலைகள் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நான் முன்னால் போகிறேன். செண்பகவல்லி அம்மாள் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. ஒங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பல. கோயிலுக்குள்ள நீங்க வந்தா எங்களுக்கும் சேர்த்துத் தீட்டு."

நான் என் அண்ணனிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். பூஜை இல்லாத கோயில் கட்டடம்.

"பூஜை இல்லாட்டி என்ன? சாமி எங்கயும் போயிருக்காது. கொஞ்சம் நிழலாப் பாத்து உக்காருங்க. தண்ணி பாட்டில் தரச் சொல்லுதேன்."

கூட்டத்தில் எத்தனை படித்தவர்கள் இருந்தார்கள். பாங்கு மேனேஜர் இருந்தார், பல் டாக்டர் இருந்தார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்கள். நம் ஜனங்களுக்கு எவ்வளவு படித்தாலும் இந்தத் தீட்டு மட்டும் போவதில்லை. இத்தனைக்கும் அன்று காலையில்தான் செண்பகவல்லி அம்மாள் என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டார். வடைக்கு இல்லாத தீட்டு தூணுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உட்கார்ந்தேன். ஒரு ஆட்டுக்கடாவின் நிழலில். உள்ளே நடந்ததை மாடசாமி வந்து சொன்னார். குளத்தங்கரையில் கல்லில் ஒரு வண்டுச் சிலை இருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் நினைத்தது நடக்கும் என்று கரீம் சொல்லியிருக்கிறார். நம் ஆட்களிடம் சுற்று என்று சொல்லலாமா? ஒன்பது என்று தொடங்கியிருக்கிறார்கள். பேத்திக்கு வரன் அமையவேண்டும் என்று ஒருவர் இருபத்தேழுக்குப் போயிருக்கிறார். யாரோ செருப்பைக் கழற்ற, எல்லாரும் கழற்றியிருக்கிறார்கள். ஒரு அம்மாள் குங்குமச் சிமிழைத் திறந்ததும் காவல்காரன் ஓடி வந்திருக்கிறான். பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் இதுதான் முறை போலிருக்கிறது என்று வரிசையில் சேர்ந்துகொண்டார்களாம். நான் இருந்திருந்தால் அந்த வண்டை யார் அங்கே வைத்தது என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன்.

லுக்சர் கோயிலிலும் அதே கதைதான். எனக்கு வாசல்.

ஆனால் மறுநாள் ராஜாக்களின் கல்லறைகள். மலையைக் குடைந்து உள்ளே உள்ளே இறக்கியிருக்கிறார்கள். இங்கே என்ன ஆயிற்று என்றால், கல்லறை இழவு வீடு மாதிரி, எங்களுக்கு ஆகாது, ஏற்கெனவே தீட்டுக்காரர் நீங்கள் தாராளமாகப் போய் வாருங்கள், நாங்கள் வெளியே நிற்கிறோம் என்று செண்பகவல்லி அம்மாள் சொல்லிவிட்டார். கோயிலுக்குள் அவர்கள் போனால் நான் வெளியே. கல்லறைக்குள் நான் போனால் அவர்கள் வெளியே. இப்படி ஒரு சாஸ்திரம் நான் எங்கேயும் படித்ததில்லை.

ரத்னபாய் டீச்சர் மட்டும், "நான் வாரேன் அண்ணாச்சி. எனக்கு இதெல்லாம் கிடையாது" என்று என்னோடு வந்தார்.

உள்ளே கைடுகள் பேசக் கூடாது என்று அங்கே சட்டம். நான் கைடு இல்லையே. இறங்கும்போதே தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கச் சுவரும் ஒரு அங்குலம் விடாமல் ஓவியம். மேலே நீலத்தில் நட்சத்திரம். காவல்காரன் வந்து என்னைப் பார்த்து, "நோ கைடு, நோ கைடு" என்று கையை ஆட்டினான். என்னைக் கைடு என்று நினைத்துவிட்டான், பாருங்கள். எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகத்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தேன்.

கடைசி அறைக்கு வந்தோம். கல்பெட்டி திறந்து கிடக்கிறது. டீச்சர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம் பேசாமப் பாப்பமா?" என்றார். பார்ப்போம் என்றேன். ஆனால் அங்கே மேலே ஒரு பெண் நீளமாக வளைந்து கிடக்கிறாள், ராத்திரி சூரியனை விழுங்கி விடியக்காலம் பெற்றுப் போடுகிற வானம் அவள்தான். அதைச் சொல்லாமல் எப்படிப் பார்ப்பது? அதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், மனதில் இருந்ததையும் கேட்டேன். ஊரிலிருந்தே கேட்க நினைத்தது. இரண்டு முறை கேட்டபோதும் பேச்சை மாற்றிவிட்டார். இங்கே மாற்ற முடியாது. வேறு ஆளும் இல்லை.

"டீச்சர், அவ எனக்கும் சேர்த்து ரெண்டு இடம் போடத்தானே இருந்தா?"

அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுதான் போட்டாங்க அண்ணாச்சி. ஒண்ணுதான் போடணும்னு சொன்னாங்க."

"அப்ப நான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். அண்ணாச்சிக்கு எகிப்துன்னா உயிராச்சே, அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்னேன்." சௌந்திரம் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொன்னார். "'அவுக எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாக டீச்சர். இனிமே நான் ஒரு தடவை சும்மாப் பாக்கணும்'னாங்க."

கேட்டீர்களா தம்பி? எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதைவிட ஒரு மனைவி புருஷனுக்கு என்ன நற்சான்று தர முடியும்? எட்டாம் வகுப்புப் படித்தவன் சொன்னது போதும், இனிமேல் கைடு வேண்டாம், புத்தகம் வேண்டாம், போய்ப் பார்த்தால் போதும் என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்படி நினைக்கிற அளவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டீச்சரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். உள்ளே தூசி அதிகம். "ஆமா அண்ணாச்சி" என்றார்.

ஏறி வெளியே வந்தபோது எதிரே இன்னொரு கல்லறையிலிருந்து செண்பகவல்லி அம்மாளும் மற்றவர்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். நான் கேட்கவில்லை. வெயில் தாங்காமல் உள்ளே போயிருப்பார்கள்.

அதற்குப் பிறகு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாலைவனத் தூசி. பஸ்ஸில் பேச முடியவில்லை. கப்பலுக்கு வந்தும் பேச முடியவில்லை. மறுநாளும் அப்படித்தான். இடையில் ஒரு ஊரில் மதகு மாதிரி ஒன்றில் கப்பலை நிறுத்தித் தண்ணீர் மட்டம் மாற்றுகிறார்கள். அங்கே சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து கீழேயிருந்து மேல்தளத்துக்குத் துணிகளைப் பையில் போட்டு எறிவார்கள். நம் பெண்கள் மூன்று மாடி உயரத்திலிருந்து பேரம் பேசினார்கள். தமிழில்தான். "ஏய், சாயம் போகுமா போகாதா, அதைச் சொல்லு" என்று செண்பகவல்லி அம்மாள் கேட்க, கீழே இருந்தவன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அவர் துணியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி எறிந்தார். அது நேராகப் போய் அவன் தலையில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

டீச்சர் இருந்தார். ஆனால் நான் அவரிடம் சொல்வதற்காகத் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கரையில் ஒருவன் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். ஈச்சமரம். மண் வீடு. இரண்டு பிள்ளைகள் கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டின. அதற்கப்புறம் வெறும் கரை. அதற்கப்புறம் இன்னொரு எருமை. எந்த வம்சமும் இல்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடசாமி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். செண்பகவல்லி அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேச்சு ஒன்றும் இல்லை. இருட்டுகிற வரை சுற்றி ஆட்கள் இருந்தார்கள். தொண்டை சரியில்லாதவனுக்கு ஆறுதலாக இருப்பது நல்ல குணம்தானே.

கெய்ரோவுக்கு வந்ததும் தொண்டை சரியாகிவிட்டது. விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தது, அங்கே விட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஆகமொத்தம் உங்களுக்கு நான் சொல்வது, நல்ல கம்பெனி, தாராளமாகப் போங்கள். சாப்பாட்டுக்கு மாடசாமியைக் கேட்டு வாங்குங்கள். குடை வேண்டாம், தொப்பி போதும். உங்கள் வீட்டம்மா என்ன சொல்கிறார்? இன்னும் கேட்கவில்லையா? கேட்பதற்கு என்ன இருக்கிறது, நீங்கள் முடிவு செய்தால் வரப்போகிறார். போவதற்கு முன்னால் அவரை ஒருநாள் இங்கே கூட்டி வாருங்கள். முப்பது வம்சத்தையும் ஒரு மத்தியானத்தில் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு பார்த்தால்தான் பார்த்த மாதிரி.

எழுந்துவிட்டீர்களா? பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. சரி, போய் வாருங்கள். ஆளில்லாத பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்பி ரத்து செய்ய வேண்டுமாம், மகன் ஒவ்வொரு தடவை பேசும்போதும் சொல்கிறான். எந்த ஆபீசுக்கு அனுப்புவது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சௌந்திரத்தின் பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் வெள்ளை. இன்னும் எட்டு வருஷம் செல்லும்.